துவக்கோடு நிற்கிற வேலைக்குப் போகிறவர்களுக்கு, பட்டவன் சொல்வது

"பாதுகாப்பு உத்தியோகத்தர்கள் தேவை, துவக்குப் பயிற்சி உள்ளவர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு" என்ற விளம்பரம் யாழ்ப்பாணத்தில் இப்போதும் கண்ணில் படுகிறது. போன மாதம் பக்கத்து ஒழுங்கைப் பொடியன் ஒருவன் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நீங்கள் செய்த வேலைதானே, போகலாமோ?" என்று கேட்டான். போனில் நெடுநேரம் கதைத்தும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் போனபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

2022 இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கியபோது சீமெந்து விலை ஏறி, எங்கள் பக்கத்தில் அரைவாசி கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை முதலாளி "கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லும்" என்று அனுப்பினார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பிறகுதான் ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சும்மா நிற்கிற செக்கியூரிட்டிக்கு ஒரு சம்பளம், துவக்கோடு நிற்கிறவருக்கு மாதம் எட்டாயிரம் ரூபா கூட. மகள் கம்பஸுக்குப் போகிற நேரம். எட்டாயிரத்தை யார் விடுவார்?

பயிற்சி என்று ஒரு அரை நாள். முன்பு இராணுவத்தில் இருந்த ஒருவர் பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொல்லித் தந்தார். வெடி வைக்கத் தந்தது இரண்டு தோட்டா. அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று. தோட்டாவைக் குழலுக்குள் போட்டு வைக்காதே, இடுப்புப் பட்டியில் வை. விரலை விசைப்பக்கம் கொண்டுபோகாதே. மூன்றாவது, ஆட்கள் நெருங்கி வந்தால் துவக்கைத் தோளில் விடாதே, கழற்றி நெஞ்சுக்குக் குறுக்கே, குழல் நிலத்தைப் பார்க்க இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி, இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள். இந்த மூன்றாவதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

எனக்குத் தந்தது பழைய பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு. வார் அறுந்த இடத்தில் நைலோன் கயிறு போட்டு முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சு சரியாகத் தோள் எலும்பில் வந்து உட்காரும். பின்னேரம் சேர்ட்டைக் கழற்றினால் அந்த இடம் சிவந்து தோல் உரிந்திருக்கும். பட்டியில் இருந்த தோட்டாக்களின் பித்தளை அடியில் பச்சை பிடித்திருந்தது. எத்தனை வருடத்துத் தோட்டா என்று கேட்டேன், மனேஜர் சிரித்தார். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அதைச் சுமந்து நின்றது கஸ்தூரியார் வீதிப் பக்கத்தில் ஒரு நகைக்கடை வாசலில். நகையும் விற்பார்கள், அடகும் பிடிப்பார்கள்.

துவக்கு வைத்திருந்தால் ஆட்கள் மரியாதையாக நடப்பார்களா என்று கேட்டால், நடப்பார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஹார்ட்வெயார் கடையில் இருந்த காலத்தில் என்னை "உமக்கு விலை தெரியுமோ" என்று கேட்டவர், நகைக்கடை வாசலில் கண்டதும் "வணக்கம் ஐயா" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து, சந்தையில் கண்டால் தூரத்திலேயே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன், அங்கே முழுப்பெயர் சொன்னான். வெறியில் வருகிறவர்கள் மற்றக் கடை வாசலில் போய்ச் சத்தம் போடுவார்கள், எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிவார்கள். முதல் மாதத்தில் எனக்கு இது பிடித்திருந்தது. ஐம்பது வயதை எட்டும் நேரத்தில் வேலை போன ஆளுக்கு ஊர் வணக்கம் சொன்னால் பிடிக்காமல் இருக்குமா?

நானும் அமைதியாகத்தான் இருந்தேன். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துவக்கைத் தொட்டவுடன் மனிசன் மிருகமாகிவிடுவான் என்று கதைக்கிறவர்களும் சரியில்லை. யார் என்ன சொன்னாலும் வாய் கொடுக்க மாட்டேன். வீதியில் தள்ளுமுள்ளு என்றால் படியில் ஏறி உள்ளே நின்றுகொள்வேன். ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்றால், பயத்திலிருந்து. 2017 ஜூலையில் நல்லூரில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். யாழ். மேல் நீதிமன்ற நீதிபதியின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் வீதியில் இறங்கிய இடத்தில், அவருடைய இடுப்பில் இருந்த துவக்கையே ஒருவன் பறித்துச் சுட்டான். அவர் இறந்துபோனார். பல வருடம் பயிற்சி எடுத்த பொலிஸ்காரரிடமே பறித்தார்கள் என்றால், இரண்டு தோட்டா சுட்ட கணக்குப்பிள்ளையிடம் பறிக்க எவ்வளவு நேரம்? இந்த நினைப்பு ஒவ்வொரு நாளும் என் பிடரியில் இருந்தது. இரவு கனவில்கூட யாரோ பின்னால் வந்து கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள்.

என் மனைவியின் தம்பி டெக்சஸில் இருக்கிறார். அங்கே 2021 செப்டெம்பரிலிருந்து, சட்டத்தால் தடுக்கப்படாத, 21 வயது நிரம்பியவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம். அவரும் இடுப்பில் ஒன்று வைத்திருக்கிறார். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன் என்று கேள்விப்பட்டதும் வலு சந்தோஷம். "அத்தான், சாமான் கையில இருந்தா நீங்களே பாருங்கோ, கோவமே வராது. நான் முந்தி ரோட்டில ஆராவது குறுக்க விட்டா கண்ணாடியை இறக்கிப் பேசுவன். இப்ப ஹோர்ன்கூட அடிக்கிறேல்லை. எனக்குத் தெரியும், நான் வாய் குடுத்தா அது எங்க போய் முடியுமெண்டு. அவனிட்டையும் இருக்கலாம் எல்லோ. எல்லாரிட்டையும் இருந்தா எல்லாரும் ஒழுங்கா இருப்பினம்" என்றார். அமெரிக்காவில் இப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் என்று பிறகுதான் அறிந்தேன். மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அடங்கித்தான் போயிருக்கிறார். ஆனால் அப்போதே நான் ஒன்று கேட்டேன்: "நீர் சேர்ட்டுக்குள்ள மறைச்சு வைச்சிருக்கிறீர். அது மற்ற ஆளுக்குத் தெரியாது. அப்ப அவன் எதைப் பார்த்து மரியாதையா இருக்கிறான்?" அவர் சிரித்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

எல்லோரிடமும் துவக்கு இருந்த ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அமெரிக்கா போய்ப் பார்க்கத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலும் அனுமதிப்பத்திரம் உள்ள ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது, மாம்பழக் காலத்தில் வௌவாலுக்கு வெடி வைக்க. ஒரு இரவு ஆயுத இயக்கப் பொடியள் வந்தார்கள். "ஐயா, குறை நினைக்கக் கூடாது, துவக்கைத் தாங்கோ" என்றார்கள். அப்பா, "அதுக்கென்ன தம்பிமார், இருங்கோ எடுத்துவாறன்" என்றார். அம்மா தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டா. அதைவிட மரியாதையான உரையாடலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அவர்கள் போனபிறகு அப்பா விடியும்வரை திண்ணையில் குந்தியிருந்தார். பிறகு 1996 இலிருந்து இராணுவச் சென்றிக் காலம். ஒவ்வொரு சென்றியிலும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போவோம். சிரித்த முகம், தாழ்ந்த குரல். முடக்குத் திரும்பியதும் வாயில் வருகிற வார்த்தை வேறு. அந்தப் பக்கம் நின்றவனுக்கு அது கேட்டிருக்காது, ஊர்ச் சனம் நல்ல பணிவு என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் நகைக்கடை வாசலில் நின்று அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் போக, பயம் பழகிவிட்டது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பறித்துவிடுவார்கள் என்ற நினைப்பு மெல்லக் குறைந்தது, வணக்கம் மட்டும் மிஞ்சியது. என் பேச்சு கட்டையாகியது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், "தள்ளு" என்ற கணக்கில் தலையை மட்டும் அசைக்கத் தொடங்கினேன். மனைவிதான் முதலில் கண்டுபிடித்தா. "ஏனப்பா என்னோடையும் வாசல்ல நிக்கிற மாதிரிக் கதைக்கிறியள்?" என்று ஒரு நாள் சோறு போடும்போது கேட்டா. வேலையால் வந்த களைப்பு என்றேன். இந்த வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், என் கதை மாறினால் சொல்லு என்று. நமக்கே அது தெரியவராது. கம்பனியில் அதைச் சொல்ல ஆள் இல்லை, வாசலில் நிற்கிற சனம் பயத்தில் சொல்லாது.

இனி நடந்ததற்கு வருகிறேன். 2024 தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு கலியாண நாட்கள். கடைக்குள் தாலிக்கொடி எடுக்க வந்த சனம், வெளியில் வாகனங்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளைச் சரியாக வாசல் படிக்கு முன்னால் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போக வெளிக்கிட்டார். முப்பது வயது இருக்கும். "தம்பி, வாசலை விட்டுத் தள்ளி விடுங்கோ" என்றேன். "ரண்டு நிமிசம், நிக்கட்டும்" என்றார். "இது ஆக்கள் போற வழி" என்றேன். அவர் திரும்பி வந்தார், "ரோட்டு உங்கட முதலாளின்ர சீதனமோ?" என்று கேட்டுக்கொண்டு. பின்னால் அவருடைய கூட்டாளிகள் இருவர். மூன்று பேரும் ஒரு கை தூரத்துக்குள் வந்துவிட்டார்கள். நான் பயிற்சியில் சொன்னதைச் செய்தேன். துவக்கைத் தோளிலிருந்து கழற்றி, நெஞ்சுக்குக் குறுக்கே, குழல் நிலத்தைப் பார்க்க, இரண்டு கையாலும் பிடித்தேன். உள்ளே தோட்டா இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆள் அப்படியே நின்றார். முகம் மாறியது. "சரி அண்ணை, சரி, எடுக்கிறன், கோவிக்காதேங்கோ" என்றார். சிரித்தார்கூட. வண்டியை உருட்டிக்கொண்டு போய்ப் பத்து யார் தள்ளி விட்டார். கடைக்குள் இருந்த முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு மணித்தியாலத்தில் அதே ஆள், நான் துவக்கைக் காட்டி மிரட்டியதாக முறைப்பாடு செய்து, இரண்டு பொலிஸாரோடு வந்தார். கூட்டாளி போனில் எடுத்த வீடியோ இருந்தது. அதில் மோட்டார் சைக்கிள் கதை இல்லை, சீதனக் கதை இல்லை. நான் துவக்கைக் கழற்றிக் கையில் எடுக்கிற காட்சி மட்டும்.

நான் அதை இப்போதும் பிழை என்று நினைக்கவில்லை. சொல்லித் தந்த முறைப்படி நடந்தேன். ஆனால் அந்த வீடியோவைப் பொலிஸ் நிலையத்தில் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. வெறுங்கையோடு நிற்கிற ஆள் கையைக் கட்டினால் கையைக் கட்டினான், அவ்வளவுதான். துவக்கு வைத்திருக்கிறவன் வாரைச் சரிசெய்தாலும், தோள் மாற்றினாலும், ஒரு அடி முன்னால் வைத்தாலும் அது பேச்சு. நீங்கள் என்ன நினைத்துச் செய்தீர்கள் என்பதை எதிரில் நிற்கிறவர் தீர்மானிப்பார், பிறகு பொலிஸ் தீர்மானிக்கும், அதற்குப் பிறகு நீதவான். சாதாரண ஆட்களுக்கு வாய்த் தர்க்கம் வாய்த் தர்க்கமாகவே முடியும் வசதி இருக்கிறது. அது நமக்கு இல்லை. ஆகவே வாசலில் வாகனம் எடு, வரிசையில் நில் என்கிற வேலையைத் துவக்கு வைத்திருக்கிறவர் தலையில் போட விடாதீர்கள். அதற்கு வெறுங்கையோடு இன்னொருவர் நிற்க வேண்டும். முதல் நாளே முதலாளியிடம் இதைக் கேளுங்கள். செலவு என்று சிணுங்குவார், சிணுங்கட்டும்.

பொலிஸ் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி அனுமதிப்பத்திரம் எங்கே என்பது. எனக்குத் தந்திருந்தது ஒரு போட்டோக் கொப்பி. அதைக் காட்டினேன். உத்தியோகத்தர் பார்த்துவிட்டு விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். டிசம்பர் 31 உடன் முடிந்திருந்தது. துவக்கு அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், கம்பனி அந்த வருடம் புதுப்பிக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்த நிமிடத்தில் நான் செக்கியூரிட்டி என்ற நிலை போய், அனுமதி இல்லாத துவக்கு வைத்திருந்த ஆளானேன். ஜனவரி முதலாம் தேதி வேலைக்குப் போகும்போது புதிய வருடத்துப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் துவக்கைத் தொடாதீர்கள். பத்திரத்தில் உள்ள இலக்கமும் துவக்கில் பொறித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். தோட்டா எத்தனை எடுத்தீர்கள், எத்தனை திருப்பிக் கொடுத்தீர்கள் என்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களுக்கு 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அமைச்சில் பதிய வேண்டும். கம்பனி பதிந்திருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

வாக்குமூலம் இன்னொரு பொறி. எனக்குச் சிங்களம் கதைக்க ஓரளவு வரும், வாசிக்க வராது. எழுதியவர் நல்ல மனிசன், மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் எழுதியது சிங்களத்தில். நான் கையெழுத்து வைக்க முதல், தமிழ் தெரிந்த இன்னொரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னேன். "கோபத்தில் துவக்கை எடுத்தேன்" என்று இருந்தது. கோபம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். அந்த ஒரு வரி அப்படியே போயிருந்தால் வழக்கே வேறு. களைப்பில், பசியில், வீட்டுக்குப் போனால் காணும் என்ற நினைப்பில் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். மறுநாள் நிறுத்தினார்கள். விளக்கமறியல். யாழ்ப்பாணச் சிறைச்சாலைக்குள் இருந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உள்ளே என்னோடு நன்றாகக் கதைத்தவர்கள் வாள்வெட்டு வழக்கில் வந்த பொடியள். "அங்கிள், நீங்கள் எடுத்துக் காட்டினதுக்கே உள்ள வந்திட்டியள்" என்று சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் சொன்னது மனதில் நின்றுவிட்டது: வாளை மோட்டார் சைக்கிளில் கொண்டு திரியத் தொடங்கியது ஒருவரும் தன்னோடு கொழுவக் கூடாது என்பதற்காகவாம். பிறகு எதிர்ப்பக்கமும் கொண்டு திரிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கொழுவலும் கைகலப்போடு முடியவில்லை என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அடுத்த தவணையில் பிணை கிடைத்தது. இரண்டு சரீரப் பிணையாளிகள், ஒவ்வொருவரும் ஒரு லட்சம் ரூபாவுக்கு. பிணைக்கு ஆள் பிடிப்பதுதான் பெரிய பாடு. கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்பத்திரம், பிரதேச செயலகத்தில் மேலொப்பம், அடையாள அட்டை, இவை எல்லாம் அந்த நாளில் கையில் இருக்க வேண்டும். மனைவி தனியாக அலைந்தா. வாசலில் எனக்கு வணக்கம் சொன்ன ஆட்களில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தாவாம், இருவரும் "துவக்கு வழக்கு அல்லோ தங்கச்சி" என்று பின்வாங்கினார்கள். கடைசியில் வந்து நின்றவர்கள், மகளின் ரியூசன் வாத்தியாரும், என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் கூட்டாளியும். வேலையில் சேரும் முன்பே, ஒரு அவசரம் என்றால் எனக்குப் பிணை நிற்பீர்களா என்று இரண்டு பேரைக் கேட்டு வையுங்கள். அபசகுனமாகத் தெரியும், பரவாயில்லை.

காசுக் கணக்கு: சட்டத்தரணிக்கு முதல் தவணைக்குப் பதினையாயிரம், பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஐயாயிரம். துவக்கு சான்றுப் பொருளாகிவிட்டது, அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வரவேண்டும் என்று தவணை தவணையாகப் போனது. ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. வழக்கு முடியும்வரை வேறு கம்பனி எடுக்காது, ஹார்ட்வெயார் கடைகளிலும் கேள்விப்பட்டவர்கள் யோசித்தார்கள். சம்பளம் போனதை விட்டுவிட்டு, கையால் போனது மட்டும் இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. எட்டாயிரம் கூட வரும் என்று போன வேலை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணி தரும், யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. இதை எனக்கு ஒருவர் சொன்னபோது நான் பாதிக் காசைக் கட்டி முடித்துவிட்டேன்.

கம்பனியோ முதல் நாளே கையைக் கழுவியது. மனேஜரின் போன் வேலை செய்யவில்லை. பிறகு, நான் பயிற்சியில் இருந்த ஆள், தங்கள் ஊழியர் அல்ல என்றார்கள். நியமனக் கடிதம் இல்லாததால் என்னால் உடனே மறுக்க முடியவில்லை. நகைக்கடை முதலாளி, தனக்கு ஒப்பந்தம் கம்பனியோடு, என்னோடு இல்லை என்றார். கட்டைவிரல் காட்டியவர்தான். என்னைக் காப்பாற்றியது, சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்த பதிவும், வேலை நேர அட்டவணையை மனேஜர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததும். அதை வைத்துத்தான் நீதிமன்றம் கம்பனியை அழைத்தது. துவக்கு தங்களுடையது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, அனுமதி இல்லாத துவக்கு வைத்திருந்தேன் என்ற குற்றச்சாட்டிலிருந்து நான் விடுபட்டேன். மிரட்டல் வழக்கில் முறைப்பாடு செய்தவர் சமாதானத்துக்கு வந்தார். நீதிமன்ற வளவில் அவரோடு கதைத்தேன். "அண்ணை, அந்த நேரம் எனக்குக் கால் நடுங்கினது. அந்த வெக்கத்திலதான் பொலிஸுக்குப் போனனான்" என்றார். இரண்டு பேரும் வெளியில் போய்த் தேத்தண்ணி குடித்தோம்.

அவர் சொன்ன அந்த வெட்கத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். துவக்கின் முன்னால் பணிந்த ஒருவர் அதை மறக்க மாட்டார், எங்காவது திருப்பித் தருவார். அவர் பொலிஸுக்குப் போனது என் நல்ல காலம். அவரிடமும் ஒன்று இருந்திருந்தால்? மச்சானின் கணக்குப்படி இருவரும் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

வேலை இல்லாமல் இருந்த காலத்தில் மகள் கம்பஸில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள், இதைப் பற்றி ஆராய்ச்சி உண்டோ என்று கேட்டேன். 1967 இல் அமெரிக்காவில் பெர்கோவிட்ஸ், லெபேஜ் என்ற இருவர் செய்த ஒன்றைச் சொன்னாள். ஆளைச் சினப்படுத்திவிட்டு, சினப்படுத்தியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சந்தர்ப்பம் கொடுத்தார்களாம். பக்கத்து மேசையில் துவக்கு கிடந்தபோது கூடுதலாக அதிர்ச்சி கொடுத்தார்கள். தொடவே இல்லை, கண்ணில் பட்டதோடு சரி. பின்னர் வேறு ஆட்கள் செய்த சில பரிசோதனைகளில் அதே முடிவு வரவில்லை என்பதையும் அவளே சொன்னாள். 2006 இல் இன்னொன்று. ஒரு பகுதி ஆண்களிடம் துவக்கையும் மற்றப் பகுதியிடம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் கையாளக் கொடுத்து, பிறகு அடுத்த ஆள் குடிக்கப்போகும் தண்ணீருக்குள் உறைப்புச் சோஸ் விடச் சொன்னார்களாம். துவக்கு பிடித்தவர்கள் கூடுதலாக விட்டார்கள். அதே வருடம் வந்த ஒரு கருத்துக்கணிப்பில், வாகனத்துக்குள் துவக்கு வைத்திருந்த ஓட்டுநர்கள்தான் வீதியில் கூடுதலாகக் கெட்ட சைகை காட்டியதாகவும் மற்றவரைத் துரத்தியதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நூறு பேருக்கு 120 துவக்கு என்பது 2018 இல் வந்த மதிப்பீடு. மரியாதை துவக்கிலிருந்து வருமென்றால் உலகத்திலேயே பணிவான ஊர் அதுவாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் மச்சானுக்குச் சொன்னேன். அவர் விடவில்லை. "அது ஒழுங்கா பழகாத ஆக்களின்ர கதை. நான் வகுப்புக்குப் போனனான், சட்டம் படிச்சனான், சுட்டா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் அவரை அடக்கியது வகுப்பும் சட்டமும் வழக்கு வரும் என்ற பயமும். சாமான் கையில் இருந்ததால் என்று ஏன் சொல்ல வேண்டும்? பயிற்சியும் பயமும் மங்கிப்போனால் கையில் மிஞ்சுவது எது என்று நான் பார்த்துவிட்டேன், பத்து மாதமும் தேவைப்படவில்லை. இந்த விஷயத்தில் நானும் மச்சானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வழக்குச் செலவுக்கு மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கப் போனோம், வேறு கடைக்கு. அந்த வாசலிலும் துவக்கோடு ஒருவர். நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்து, ஓரமாக ஒதுங்கி, "வணக்கம்" என்றேன். அவருடைய வாரிலும் ஒரு முடிச்சு இருந்தது. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பொடியனுக்கு நான் போகாதே என்று சொல்லவில்லை. வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். துவக்கு இல்லாத பக்கத்தில் இடம் கேள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். துவக்குத்தான் என்றால் நியமனக் கடிதம், அந்த வருடத்துப் பத்திரத்தின் கொப்பி, இந்த இரண்டும் கையில் வராமல் போகாதே என்றேன். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்குத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். இந்த விதிகள் திடீரென்று மாறும், மாறும்போது வாசலில் நிற்கிறவருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு உன்னிடம் 8 சதவீதம் பிடித்தால், கம்பனி 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம். என்னிடம் பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை. அதையும் கடைசி மாதச் சம்பளத்தையும் கேட்டுத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். முதல் விசாரணைக்குக் கம்பனி வரவில்லை. அடுத்ததற்கு வந்தால் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.